துணைக்கு இருப்பவர் பெயர்

அந்த போன் வந்தபோது நான் படகுத்துறை டிக்கெட் கூண்டில் இருந்தேன். கிமாராஸ் தீவுக்கு எட்டரை மணிப் படகு கிளம்புகிற நேரம். வரிசையில் கோழிக்கூடையோடு ஒருவர், அவருக்குப் பின்னால் கல்யாணத்துக்குப் போகும் ஒரு கூட்டம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே பேசினேன்.

"மிசஸ் சலோமே ஃபாவுலானா? நான் ஆஸ்பத்திரியிலேருந்து நர்ஸ் ஜெமாலின் பேசறேன் மேடம். உங்க வீட்டுக்காரரோட நுரையீரல் ஆபரேஷன் விஷயமா."

"யாரோட வீட்டுக்காரர்?"

"ரெனேரியோ ஃபாவுலான். துணைக்கு இருப்பவர்ங்கிற இடத்துல உங்க பேரைத்தான் எழுதியிருக்கார். வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குத் தயார்படுத்தற முதல் வகுப்பு. துணையாள் வராம நாங்க எதையும் ஆரம்பிக்கறதில்ல மேடம்."

ரெனேரியோ என்னை விட்டுப் போய்ப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலை அவனுக்கு. ஒரு முறை ஒப்பந்தம் முடிந்து கரை இறங்கியவன், எங்கள் ஊரான இலோயிலோவுக்கு வராமல் பத்தாங்காஸிலேயே ஒரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டான். எங்கள் நாட்டில் விவாகரத்து கிடையாது. அதனால் காகிதத்தில் நான் அவன் மனைவியாகவே இருந்தேன். அரசாங்கக் காப்பீட்டு அட்டையிலும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை நான் போனது முடியாது என்று சொல்வதற்காகத்தான். அதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஏன் நேரில் போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. நான்கு நோயாளிகள், பக்கத்து நாற்காலிகளில் அவரவர் துணையாட்கள். அவன் கடைசியில் உட்கார்ந்திருந்தான். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். ஐம்பத்தேழு வயதுக்கு அறுபத்தைந்து மாதிரி இருந்தான்.

"வந்துட்டியா லோமெங்" என்றான். சலோமேயைச் சுருக்கி வீட்டிலும் தெருவிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வரல. வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

அதற்குள் நர்ஸ் ஜெமாலின் உள்ளே வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். ஆள் குள்ளம், குரல் பெரிது. பலகையில் ஒரு மனித உடம்பை வரைந்து விலாவில் மூன்று புள்ளி வைத்தாள்.

"முன்னெல்லாம் நெஞ்சைத் திறந்து விலா எலும்பை விரிச்சு ஆபரேஷன். பத்து நாள் படுக்கை. இப்ப மூணு சின்ன ஓட்டை, ஒரு கேமரா. ஆனா ஒண்ணு சொல்றேன், ஓட்டை சின்னதா இருக்குங்கறதுக்காக யாரும் தானா எழுந்து நடந்துடறதில்ல. எழுப்பணும். ஆபரேஷனுக்கு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும். நோயாளிங்க எல்லாரும் சோம்பேறி, சார் கோவிச்சுக்காதீங்க. துணையாள்தான் போலீஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரி என் தொடையில் தட்டி, "நம்ம கையில லத்தி குடுத்துட்டாங்க அக்கா" என்றாள்.

ஆளுக்கொரு நீலப் புத்தகம் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு பக்கம். முப்பது நிமிட நடை, இரண்டு முட்டை அல்லது ஒரு துண்டு மீன், மூச்சை இழுத்தால் உள்ளே மூன்று பந்து மேலே எழும்பும் ஒரு பிளாஸ்டிக் கருவி பத்து தடவை, சிகரெட் பூஜ்யம். ஒவ்வொன்றுக்கும் எதிரே துணையாளின் கையெழுத்து. முதல் பக்கத்தின் கீழே நோயாளிக்கு ஒரு கோடு, துணையாளுக்கு ஒரு கோடு. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டினான்.

முடியாது என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த அறையில், அந்தச் சிரிப்புக்கு நடுவில், பத்தாங்காஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடுவது சுலபமாக இருந்தது. போட்டேன். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

அவன் மோலோவில் யாரோ பழைய கப்பல்காரன் வீட்டு மாடியில் ஒண்டியிருந்தான். தினமும் காலை ஐந்தரைக்கு ஆற்றங்கரை நடைபாதையில் சந்தித்தோம். ஆறரைக்கு நான் வேலைக்குப் போய்விடுவேன். நான் முன்னால் நடப்பேன், அவன் நாலடி பின்னால் வருவான்.

"மெதுவாப் போயேன். மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். அதுக்குத்தானே நடக்கறது."

"உனக்கு இரக்கமே இல்ல லோமெங்."

"புத்தகத்துல இரக்கம்னு கட்டம் இல்ல. முப்பது நிமிஷம்னுதான் இருக்கு."

பதினொரு வருடமாக அவனிடம் கேட்க வேண்டியதை எல்லாம் நான் மனதுக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கும்போது பேசுவேன். ஜீப்னி வண்டியில் வேலைக்குப் போகும்போது பேசுவேன். சில வாக்கியங்கள் மிக நன்றாக அமைந்திருந்தன. இப்போது ஆள் நாலடி பின்னால் வருகிறான். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ, உள்ளே எல்லாம் அப்படி இருந்தது. கடித்தாலும் தெரியாது.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, "அவ எங்க?" என்று கேட்டேன்.

"துபாய் போயிட்டா. மூணு வருஷமாச்சு. அங்க வேற ஒருத்தனோட இருக்காளாம்."

இந்தச் செய்தி காதில் விழும் நாளுக்காக நான் ஒரு காலத்தில் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறேன். இப்போது படகு பத்து நிமிடம் தாமதம் என்று கேட்டது போல இருந்தது. "சரி, நட" என்றேன்.

எங்கள் மகள் ஐரா தைவானில் தொழிற்சாலை வேலை பார்க்கிறாள். அவளிடம் சொன்னேன்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா?"

"தெரியல."

"அந்த ஆளைப் பாத்து அழுதியா?"

"இல்ல."

"நல்லாத் திட்டவாவது செஞ்சியா?"

"இல்ல."

"அப்ப என்னதாம்மா பண்றே?"

"நடக்கறேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காலையில் இனிப்பாக ஒரு பானம் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். பசியோடு போனால் உடம்பு தளர்ந்துவிடுமாம். ஒரு வெதுவெதுப்பான போர்வை. அவன் பல்செட்டையும் கடிகாரத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தான். பல் இல்லாத வாயோடு, "லோமெங், ஒருவேளை நான்..." என்று ஆரம்பித்தான்.

"உள்ள போ. ஆள் காத்திருக்காங்க" என்றேன்.

மூன்று மணி நேரம். பல்செட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஜெபமாலையும் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எதிர்ச் சுவரில் தீ அணைக்கும் சிலிண்டரில் எழுதியிருந்ததைப் பல தடவை படித்தேன்.

டாக்டர் பலோமோ தொப்பியைக் கழற்றியபடி வந்தார். "வலது நுரையீரல்ல மேல் மடலை எடுத்தாச்சு. அரை டம்ளர் ரத்தம்கூடப் போகல. நெறிகட்டிகளையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். முடிவு வர கொஞ்ச நாள் ஆகும்."

நன்றி டாக்டர் என்றேன். மற்றத் துணையாட்கள் அந்த இடத்தில் அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாலை நாலரைக்கு அவனை உட்கார வைத்தார்கள். ஐந்தரைக்கு நிற்க வைத்தார்கள். விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி, தண்ணீர் ஊற்றிய ஒரு பெட்டிக்குள் போனது. பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஜெமாலின், "சார், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மேடம். ஊர்வலம் கிளம்பட்டும்" என்றாள்.

"இப்பவேவா?"

"பின்ன? படுத்தே கிடந்தா மெத்தை வாடகையை உடம்புலேருந்து வசூல் பண்ணிடும். எழுந்திரிங்க."

அவன் என் கையைப் பிடித்தான். பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. எனக்குக் கனம் மட்டும்தான் தெரிந்தது. மூட்டையைத் தூக்கும்போது தெரிகிற கனம்.

"வலிக்குதா?" என்றேன்.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல. என்னோட உடம்பு மாதிரியே இல்ல."

"நரம்புக்குப் பக்கத்துல மருந்து போட்டிருக்கோம் மேடம்" என்றாள் ஜெமாலின். "வலி இல்லன்னா இருமுவார். இருமினா சளி வெளிய வரும். சளி வந்தா வீட்டுக்குப் போவார். அவ்வளவுதான் சூத்திரம்."

அன்று வராந்தாவின் பாதி. இரவுச் சாப்பாட்டுக்கு இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி, முழுக் கிண்ணமும் தின்றான். மறுநாள் காலை வராந்தா முழுக்க மூன்று சுற்று. புத்தகத்தின்படி இரண்டாம் நாள் குழாயை எடுக்க வேண்டும், மூன்றாம் நாள் வீடு. அவனோடு வகுப்பில் இருந்த மற்ற மூவரும் அப்படியே போனார்கள். என் தொடையைத் தட்டினவள் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கையசைத்துவிட்டுப் போனாள்.

இவனுக்கு மட்டும் பெட்டித் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. நுரையீரலின் வெட்டு வாயில் எங்கோ பொட்டுப் போலக் காற்று கசிகிறது என்றார்கள். ஒவ்வொரு இருமலுக்கும் நாலைந்து குமிழி. அது நின்றால்தான் குழாய் வெளியே வரும். நான் லீவை நீட்டித்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் பேசினாலும் குமிழியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அவனுக்குத் தாங்கவில்லை. "நான் பெயிலாயிட்டேனா நர்ஸ்?" என்று கேட்டான். சின்னப் பையன் மாதிரி கண் கலங்கியிருந்தது.

"பெயில் எல்லாம் இல்ல சார். உங்க நுரையீரலுக்கும் உங்களை மாதிரியே வாயை மூடத் தெரியல. மூடும். அதுவரைக்கும் நடங்க. பெட்டியையும் கூட்டிக்கிட்டு நடங்க."

நடந்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். ஆறாம் நாள் காலை இருமச் சொன்னார்கள். தண்ணீர் அசையவில்லை. மறுபடி இருமச் சொன்னார்கள். அசையவில்லை. மத்தியானம் குழாயை உருவிவிட்டார்கள்.

மறுநாள் டிஸ்சார்ஜ் காகிதத்தில் போகும் முகவரி என்ற இடத்தில் என் வீட்டு முகவரி இருந்தது. இரண்டு வாரம் வீட்டில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று விதி. முதல் வகுப்பு அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"யாரைக் கேட்டு எழுதினே?"

"வேற எந்த முகவரியும் எனக்கு மனப்பாடமா தெரியாது."

அது பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். நான் டிரைசிக்கிள் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஐராவின் அறையில் படுக்கை போட்டேன்.

மறுநாள் ஜெமாலின் போன் பண்ணினாள். அதுவும் விதி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள். காய்ச்சல் உண்டா, காயத்தில் ஈரம் உண்டா, எத்தனை தடவை நடந்தார், வெளிக்குப் போனாரா. வரிசையாகக் கேட்டாள், வரிசையாகச் சொன்னேன்.

"வலி எவ்வளவு மேடம்? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள."

"ரெண்டுங்கறார்."

"சரி. உங்களுக்கு?"

"எனக்கென்ன, எனக்கு ஆபரேஷனா பண்ணீங்க?"

"துணையாளையும் கேக்கணும். தாள்ல இருக்கு. தூக்கம், சாப்பாடு, மனசு கஷ்டம்."

"பூஜ்யம்" என்றேன். எழுதிக்கொண்டாள். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அது நல்லதா என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் அவன் தொந்தரவு பண்ணவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். மூன்று பந்தையும் தூக்கினான். சாயங்காலம் தெரு முனைவரை போய் வந்தான். பக்கத்து வீட்டுக்காரிகள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள்: "என்ன லோமெங், கப்பல் கரைக்கு வந்துடுச்சா?" "பழுது பாக்க வந்திருக்கு" என்றேன். அவள் சிரித்ததைப் பார்த்துத்தான் நான் சொன்னது வேடிக்கை என்று எனக்குத் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் பரிசோதனை முடிவு. டாக்டர் பலோமோ தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"முதல் நிலைப் புற்றுநோய்தான். முழுசா எடுத்தாச்சு. நெறிகட்டி எல்லாம் சுத்தம். மருந்து, கதிர்வீச்சு எதுவும் தேவையில்ல. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். சிகரெட் மட்டும் தொடாதீங்க. நல்லா இருப்பீங்க."

ரெனேரியோ மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். ஜெமாலின் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த இன்னொரு காரணம் தெரிந்தது. சாகப்போகிறவன் என்று நினைத்துத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாக வந்தவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்குச் செய்தேன், மாமியாருக்குச் செய்தேன். குளிப்பாட்டலாம், கஞ்சி ஊட்டலாம், கடைசியில் கண்ணை மூடிவிட்டு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஊராரும் நல்லவள் என்பார்கள். இவனோ பிழைத்துவிட்டான். ஒரு மாதத்தில் நடக்க வைத்து, தின்ன வைத்து, முழு ஆளாக என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் முடிந்த அன்று சாப்பாட்டு மேஜையில் அவன் கேட்டான்.

"நான் இங்கயே இருந்துடட்டுமா லோமெங்?"

நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். "ரெனிங், நீ பிழைப்பேன்னு நான் நினைக்கல."

அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நானும்தான் நினைக்கல."

"சிரிக்காதே. செத்தா என்ன செய்யறதுன்னு யோசிச்சு வச்சிருந்தேன். பிழைச்சா என்ன செய்யறதுன்னு யோசிக்கல."

"இப்ப யோசி."

"வரல. உன்னைப் பாத்தா கோபமும் வரல, சந்தோஷமும் வரல. சுவரைப் பாக்கற மாதிரி இருக்கு. சுவரோட எப்படிக் குடித்தனம் பண்றது?"

அவன் தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். பிறகு, மியாகாவில் சித்தப்பா மகன் அரிசி ஆலையில் காவலுக்கு ஆள் கேட்கிறான் என்றான். தூசி இல்லாத இடமாக, வாசல் பக்கம் உட்காரச் சொன்னால் போ என்றேன். மறுநாள் துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டான். மூன்று பந்துக் கருவியை மேஜையிலேயே விட்டுவிட்டான். ஜீப்னி வரைக்கும் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் நின்றான். கையில் ஒரு கிலோ அரிசி. வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன். சாப்பிட்டான். மூன்று மணி ஜீப்னியில் போனான். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தான். அப்படியே ஐந்தாறு மாதம். முதல் ஸ்கேன் சுத்தமாக வந்தது. ஐரா இரண்டு தடவை அவனோடு போனில் பேசினாள். ஒரு தடவை ஆஸ்பத்திரி பற்றி, ஒரு தடவை வானிலை பற்றி. அவனை மன்னித்துவிட்டாயா என்று சர்ச்சில் ஒருத்தி கேட்டாள். சமைக்கிறேன் என்றேன்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. துவரையும் பலாக்காயும் போட்டுப் பன்றிக்கறிக் குழம்பு வைத்திருந்தேன். அவனுக்குப் பிடித்தது. பிடிக்கும் என்று நினைத்து வைத்தேனா, பலாக்காய் மலிவாகக் கிடைத்ததா, ஞாபகமில்லை. பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. அவன் வரவில்லை. போன் போகவில்லை. இரண்டு மணிக்கு நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாதியில், சோற்றைக் கூழாகும்வரை அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தேன். என்ன இது என்று கையைப் பார்த்தேன். கோபம். காது மடல் சுட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். குழம்புச் சட்டியை மூடும்போது மூடி இரண்டு தடவை கீழே விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு அவனே கூப்பிட்டான். வரும் வழியில் கிம்பால் பாலத்தில் வெள்ளம் ஏறிவிட்டது, மின்சாரமும் இல்லை, போன் கோபுரமும் இப்போதுதான் வேலை செய்கிறது என்றான்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கலையா உனக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"வெள்ளத்துல யாரை லோமெங்..."

"நீ விட்டுட்டுப் போனப்பவும் இப்படித்தான். அப்பவும் உனக்கு ஆள் கிடைக்கல. ஒரு கடுதாசி எழுத ஆள் கிடைக்கல. ஐரா ஸ்கூல் முடிக்கிற அன்னிக்கு உனக்கும் சேத்து ரெண்டு நாற்காலி போட்டு வச்சிருந்தேன்டா நான்."

அது அங்கே நிற்கவில்லை. துவைக்கும்போது சேர்த்தது, ஜீப்னியில் சேர்த்தது, எல்லாம் வரிசை கெட்டு வந்தது. நன்றாக அமைந்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை, மோசமானவைதான் வந்தன. எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போட்டாலும் பாட்டுப் போல இருக்கும் என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வார்கள். அன்று என் தெருவில் யாருக்கும் அப்படிக் கேட்டிருக்காது. நாற்பது நிமிடம் பேசினேன். அவன் போனை வைக்கவில்லை. நடுநடுவே மூச்சு விடுவது மட்டும் கேட்டது, ஒரு மடல் குறைந்த மூச்சு.

அன்று டிக்கெட் கூண்டில் எனக்குக் குரல் எழும்பவில்லை. படகு எத்தனை மணிக்கு என்று கேட்டவர்களுக்கு விரலால் காட்டினேன். பக்கத்துக் கடைக்காரி இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். படியில் ஏறாமல் நின்று என் முகத்தைப் பார்த்தான். உள்ளே வா என்றேன். உட்கார வைத்து, மிச்சம் இருந்ததையும் திட்டினேன். தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சோறு ஆறிக்கொண்டிருந்ததால் நிறுத்தினேன்.